இலங்கைக் காடுகளும் அவற்றை எண்ணியோரும்

இலங்கைத் தீவின் காட்டுப் பரப்பைப் பற்றி எழுதுவோர் பலரும் மூன்று எண்களை ஒரே மூச்சிற் கூறுவர். 1881ஆம் ஆண்டில் நிலப்பரப்பில் நூற்றுக்கு 84 பங்கு காடாயிருந்தது. 1956இல் அது 44 ஆயிற்று. 1992இல் 24 ஆகக் குறைந்தது. இவ்வெண்கள் ஒரே படிக்கட்டின் மூன்று படிகள் போல அடுக்கப்படுகின்றன. காடு பெருமளவில் அழிந்தது என்னும் உண்மையை எவரும் மறுத்தல் இயலாது. ஆயினும் இவற்றை ஒரே சரட்டிற் கோக்குமுன் வரலாற்று மாணவன் சிறிது தயங்குதல் வேண்டும். 1881இல் இத்தீவு முழுமைக்கும் திருத்தமான தேசப்படம் இருந்ததில்லை. ஓரங்குல அளவுத்திட்டத்தில் நாட்டை அளந்து வரையும் பணி 1897இலேயே தொடங்கிற்று. எனவே முதலாவது எண் மதிப்பீடேயன்றி அளவையன்று. இரண்டாவது எண், விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு கணிக்கப்பட்டது. மூன்றாவது செய்மதிப் படங்களிலிருந்து பெறப்பட்டது; அதிலும் அடர்ந்த காட்டை மட்டும் கொண்டால் 24, ஐதான காட்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 31. ஒரே ஆண்டில், ஒரே படத்தில், காடு என்னும் சொல்லின் பொருளை மாற்றினால் நாட்டின் நிலப்பரப்பிற் பதினான்கில் ஒரு பங்கு காடாகவும் ஆகின்றது, காடல்லாததாகவும் ஆகின்றது.

எதனைக் காடு என்பது, எதற்காக அதனை எண்ணுவது என்னும் இரண்டு வினாக்களுக்கும் ஒவ்வொரு காலமும் தன் தேவைக்கேற்ப விடை கூறியது. அவ்விடைகள் ஏட்டளவில் நிற்கவில்லை. எண்ணப்பட்டது எதுவோ அது காக்கப்பட்டது, அல்லது வெட்டப்பட்டது. எண்ணப்படாதது வெறுநிலமெனக் கருதப்பட்டது.

காட்டை முதலில் எண்ணியவன் தச்சன். அவன் எண்ணியது ஏக்கரையன்று, மரத்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெருங்காடு இல்லை. வீட்டுக் கூரைக்கு வேண்டிய வளையும் சிலாகையும் பனையிலிருந்து கிடைத்தன; ஒல்லாந்தர் காலத்திற் பனைமரம் இங்கிருந்து தென்னிந்தியாவுக்கும் ஏற்றுமதியாயிற்று. ஆனால் கதவு, நிலை, தீராந்தி, தூண் என்பவற்றுக்கு வன்னிக் காட்டையே நாடவேண்டியிருந்தது. அக்காட்டின் மரங்களை வன்னி மக்களும் யாழ்ப்பாணத்துத் தச்சரும் தனித்தனி குணம் கண்டு பெயரிட்டு வைத்திருந்தனர். முதிரை மஞ்சள் நிறமும் பட்டுப்போன்ற பளபளப்பும் உடையது, தளவாடத்துக்கு உகந்தது. பாலை மிகக் கடினமானது. உளியை மழுக்கும், ஆனால் மண்ணிற் புதைத்தாலும் நெடுங்காலம் நிற்கும். அதன் பழமோ பருவத்திற் குடாநாட்டுச் சந்தைகளுக்கு வந்து சிறுவரை மகிழ்விப்பது. கருங்காலியின் வைரத்துக்கு அயல்நாட்டார் எக்காலமும் விலைகொடுக்க ஆயத்தமாயிருந்தனர். சவண்டலையை ஆங்கிலேயர் ‘திருக்கோணமலை மரம்’ என்றே அழைத்தனர். வளைந்து கொடுக்கும் அம்மரம் சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளைக் கட்டுவதற்காக வங்கக் கடலைத் தாண்டிச் சென்றது.

இத்தச்சறிவு எழுத்தில் ஏறியமைக்கு ஒரு சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மொறட்டுவையைச் சேர்ந்த ஏட்ரியன் மெண்டிஸ் என்பார், ஆங்கிலப் படையின் பொறியியற் பிரிவிலே தச்சராய்ப் பணிபுரிந்தவர், இலங்கை மரங்களுக்கு ஒரு பட்டியல் வகுத்தார். ஒவ்வொரு மரமும் எப்பகுதியில் வளர்வது, அதன் ஒரு கன அடி எத்தனை இறாத்தல் நிறையுடையது, எத்தனை ஆண்டு கெடாது நிற்கும், எப்பணிக்கு உதவும் என்பன அதிற் கூறப்பட்டன. எட்வேட் பால்பர் சென்னையில் வெளியிட்ட மரநூல் மெண்டிசின் குறிப்புகளைப் பலவிடத்தும் எடுத்தாள்கின்றது. ஒரு மரம் எத்தனை ஆண்டு நிற்கும் என்னும் கேள்வியை, அது பிளந்து பலகையான பின்னரே தச்சன் கேட்கின்றான். காட்டில் நிற்கும் மரத்தின் வயதை அவன் கேட்பதில்லை. இதனைக் குறையென்று கூறுதல் தகாது. அவன் தொழிலுக்கு அக்கேள்வியே போதும். அரசுகளும் அக்கேள்வியோடு நின்றுவிட்டமையே பின்னர் துன்பத்துக்கு ஏதுவாயிற்று.

அத்துன்பத்தின் முதல் அறிகுறி கலமந்தர் மரத்திற் காணப்பட்டது. கருமையும் கபிலமும் கலந்த வரியோடிய இம்மரம், சிங்களத்திற் களுமெதிரிய எனப்படுவது, ஈரவலயத் தாழ்காடுகளில் வளர்ந்தது; கருங்காலியின் இனத்தது. 1859இல் இலங்கைபற்றிய தம் பெருநூலை வெளியிட்ட எமர்சன் ரெனன்ற், ஒல்லாந்தரும் அவர்க்குப்பின் ஆங்கிலேயரும் நடுகையைப் பற்றிச் சிந்தியாது வெட்டித் தள்ளியமையால் இம்மரம் கிடைத்தற்கு அரிதாகிவிட்டது என எழுதினார். குடியேற்ற ஆட்சியின் உயர் அதிகாரியாயிருந்த ஒருவரே எழுதிய வாக்குமூலம் இது.

மரத்தை விட்டு நிலத்தை எண்ணும் காலம் 1840இல் தொடங்கிற்று. அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியிருப்போ பயிரோ இல்லாத நிலமும் மறுதலையாக நிறுவப்படும் வரையில் முடிக்குரியனவே எனக் கொள்ள வேண்டும் என்றது. கண்டி அரசர் காலத்திலே குறித்த சில காடுகளில் வெட்டுதல் தடைசெய்யப்பட்டிருந்தது. வன்னியிலே காட்டின் தேனும் மெழுகும் யானையும் வன்னியர்க்கும் குடிகளுக்கும் உரிய பொருளாயிருந்தன. காட்டையும் ஒரு திணையாக வகுத்து, அதற்குத் தெய்வமும் தொழிலும் பொழுதும் கூறிய தமிழ் மரபில் ‘வெறுநிலம்’ என்னும் கருத்துக்கு இடமே இல்லை. புதிய சட்டமோ உழவில்லாத இடத்தை ஆளில்லாத இடமாகக் கண்டது. இதன் உடனடிப் பயனைக் கோப்பித் தோட்டக்காரர் பெற்றனர். மலைநாட்டுக் காடுகள் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டு, வெட்டி எரிக்கப்பட்டு, சாம்பலிற் கோப்பிக் கன்றுகள் நடப்பட்டன. 1878 அளவிற் கோப்பி 2,75,000 ஏக்கர் பரப்பை மூடியிருந்தது. எரிந்துபோன மரங்களுக்கு எவரும் கணக்கு வைக்கவில்லை.

ஆனால் 1869இலேயே கோப்பியிலையில் மஞ்சட்புள்ளிகள் தோன்றிவிட்டன. ‘ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ்’ எனப் பெயர்பெற்ற பூஞ்சணமே அதற்குக் காரணம். அதனை ஆராய 1880இல் இங்கு வந்த மார்சல் வோட் என்னும் இளம் அறிஞர் 1882 வரையிருந்து அதன் வாழ்க்கை வட்டத்தைத் தெளிவுபடுத்தினார். காற்றிலே பரவும் வித்திகளைத் தடுக்க இடையில் மரவரிசைகள் இல்லாது, மலைமேல் மலையாக ஒரே பயிர் விரிந்துகிடந்தமை நோய்க்கு வழிதிறந்துவிட்டது என்பது அவர் ஆராய்ச்சியாற் புலனாயிற்று. காட்டை அழித்த இடத்திலேயே காடு செய்துவந்த பணி என்ன என்பது இவ்வாறு முதன்முதலாக அறிவியல் முறையில் வெளிப்பட்டது. இதற்கிடையில் 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் யோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டலாகாது என அறிவுறுத்தினார். மழையும் ஆற்றுநீரும் மலையுச்சிக் காட்டைச் சார்ந்தன என்பதே அவர் கருத்து. மகாவலியும் களனியும் களுகங்கையும் வளவையும் ஊற்றெடுக்கும் உயர்நிலக் காடுகளிற் சில இன்றும் எஞ்சியிருப்பது அவ்வறிவுரையின் பயனாகும். கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை ஏறியது. 1890களின் நடுப்பகுதியில் அது 3,00,000 ஏக்கரைக் கடந்துவிட்டது.

இந்நிலையில் இந்தியக் காட்டுத் திணைக்களத்தைச் சேர்ந்த வின்சன்ற் என்பார் வரவழைக்கப்பட்டு, 1882இல் இலங்கைக் காட்டு நிருவாகம்பற்றி அறிக்கை சமர்ப்பித்தார். அதன் வழியாகவே 1885ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டமும், 1887இற் காட்டுத் திணைக்களமும் பிறந்தன. ஒதுக்கக் காடுகள் எல்லையிடப்பட்டன. மரம் வெட்ட உத்தரவுச் சீட்டு வேண்டப்பட்டது. இந்நாட்டுக் காட்டியல் வரலாற்றில் வின்சன்ரின் அறிக்கைக்கு உயர்ந்த இடம் உண்டு. ஆயினும் அது சேனைப் பயிர்ச்செய்கையையே காட்டின் பெரும்பகையாகக் கண்டது. சேனையால் முதிர்ந்த காடு அழிந்தது மெய்யே. எனினும் சேனைக்காரன் இரண்டொரு போகத்தின்பின் நிலத்தை விட்டகலுவான்; காடு மெல்லமெல்ல மீளும். கோப்பியும் தேயிலையும் ஏறிய மலைக்குக் காடு மீளவில்லை. ஏழைக் குடியானவனின் கத்திக்குக் கிடைத்த கண்டனத்தில் ஒரு சிறுபங்கேனும் தோட்டக் கம்பனிகளின் கோடரிக்குக் கிடைத்திருப்பின் அக்கால ஏடுகள் நடுநிலையானவை எனலாம்.

புதிய திணைக்களம் காத்தது எதனை? வருவாய் தரும் மரத்தையே முதன்மையாகக் காத்தது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை யாழ்ப்பாணம் வரை முழுமையாகத் திறக்கப்பட்டது. வன்னியின் பாலைமரங்கள் இலங்கைப் புகையிரதப் பாதைகளுக்குச் சிலிப்பர்க் கட்டைகளாயின. முதிரையும் கருங்காலியும் கொழும்புத் துறைமுகத்துக்குச் சென்றன. வெட்டிய இடங்களிற் சிலவற்றில் தேக்கு நடப்பட்டது. சேனைக்காரனுக்கு நிலத்தைச் சில போகம் கொடுத்து, அவன் பயிரினிடையே தேக்கங்கன்றையும் வளர்க்கச் செய்யும் பர்மிய முறை உலர்வலயத்திற் கையாளப்பட்டது. பகைவனெனக் கருதப்பட்டவனே கூலியின்றி நடுகைக்காரனாகவும் ஆக்கப்பட்டான்.

1881ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஏறத்தாழ 27½ இலட்சமாயிருந்த மக்கட்டொகை 1953இல் 80 இலட்சத்தைத் தாண்டிற்று. 1935இல் நில அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. 1946 முதல் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியா ஒடுங்கிற்று. 1949இற் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. பல நூற்றாண்டாகக் காய்ச்சலுக்கு அஞ்சி மக்கள் அணுகாதிருந்த உலர்வலயக் காடுகள் குடியேற்ற நிலங்களாயின. எவ்வளவு காடு உள்ளது, அதில் எதனை விடலாம், எதனை வைக்கவேண்டும் என்று அரசு அறியவேண்டிய காலம் அதுவேயாகும்.

அவ்வேளையில் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டு உதவி கிடைத்தது. 1956இல் தீவு முழுவதும் விமானத்திலிருந்து 40,000க்கு 1 என்னும் அளவுத்திட்டத்திற் படம்பிடிக்கப்பட்டது. ரொறன்ரோ நகரத்து ஹன்ரிங் அளவைக் கழகம் அப்படங்களை ஆராய்ந்தது. ஒன்றோடொன்று பெரும்பகுதி மேற்படியும் இரு படங்களை அதற்குரிய கண்ணாடிக் கருவியின்கீழ் வைத்து நோக்கினால், மலையும் மரமுடியும் மேலெழுந்து தோன்றும். மரங்களின் உயரத்தையும் முடியின் நெருக்கத்தையும் காட்டைவிட்டு அகன்று மேசையருகே இருந்தே மதிப்பிடலாம். தரையிலும் மாதிரி நிலங்களில் மரங்களின் சுற்றளவும் உயரமும் அளக்கப்பட்டன. இரண்டையும் இணைத்து, எவ்வகைக் காட்டில் ஓர் ஏக்கருக்கு எத்தனை கன அடி மரம் நிற்கின்றது எனக் கணித்தனர். அன்ட்றூஸ் எழுதிய அறிக்கை 1961இல் வெளிவந்தது. நூற்றுக்கு 44 என்னும் எண் இதிலிருந்து பெறப்பட்டதே. தீவின் முழுக் காட்டையும் ஒரே முறையால் ஒரே காலத்தில் அளந்த முதல் முயற்சி இது; அதற்குரிய மதிப்பை எவரும் குறைத்துரைக்கலாகாது. இலங்கையரான டி றொசாயிறோ போன்ற காட்டியலறிஞர், விமானப் படத்தைக் காட்டின் சூழலியல் வகைகளை அறியவும் பயன்படுத்தலாம் என அக்காலத்திலேயே எழுதினர்.

ஆயினும் அவ்வறிக்கை காட்டை வகுத்த முறையைக் கூர்ந்து நோக்கவேண்டும். உயர்விளைவுக் காடு, இடைவிளைவுக் காடு, தாழ்விளைவுக் காடு, விளைவில்லாக் காடு என்பனவே அவ்வகைகள். விளைவு என்பது அறுத்துப் பலகையாக்கத்தக்க மரம். ஒரு குளத்துக்கு நீரை வடித்துக் கொடுக்கும் பற்றைக்காடும், தேனும் விறகும் மருந்தும் தரும் இளங்காடும் இவ்வட்டவணையில் விளைவில்லாதனவே. வன்னியிலும் கிழக்கிலும் உலர்வலயக் காட்டின் பெரும்பகுதி கீழ்வகைகளில் அடங்கிற்று. விளைவில்லை என எழுதப்பட்ட காட்டுக்காக வழக்குரைப்பார் எவரிருப்பர்? குடியேற்றத் திட்டங்களும், 1977க்குப்பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் காட்டைக் கேட்டபோது அவை எளிதிற் கையளிக்கப்பட்டன. அத்திட்டங்களால் நிலமில்லாதோர் பலர் நெல்வயல் பெற்றனர் என்பதையும் இங்கு நினைத்தல் முறை. ஆனால் கொடுக்கப்பட்டது என்ன என்பதற்கு அட்டவணையில் விலையே இருக்கவில்லை.

மறுபுறத்தில், உயர்விளைவு என்னும் பெயரும் ஒரு காட்டுக்குக் காவலாகவில்லை. தேயிலைப் பெட்டிக்கு ஒட்டுப்பலகை வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கிந்தோட்டையில் அரசாங்க ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை தோன்றியது. மலைக்காட்டைத் தின்ற தேயிலை, தன்னை அடைத்தனுப்பும் பெட்டிக்காகத் தாழ்காட்டையும் தேடிவந்தது. பின்னர் கொஸ்கமையில் மிகப் பெரிய தொழிற்சாலை ஒன்று திட்டமிடப்பட்டு, அதற்கு மரம் வழங்கச் சிங்கராசக் காடு தெரிந்தெடுக்கப்பட்டது. 1875இலேயே ஒதுக்கப்பட்டு, செங்குத்தான மலைச்சரிவுகளாலும் பாதையின்மையாலும் தப்பியிருந்த காடு அது. 1972 முதல் இயந்திரங்கள் அதனுட் புகுந்தன. பெருமரங்களைத் தெரிந்து வெட்டுவதாகவே ஏற்பாடு. ஆனால் ஒரு பெருமரம் சாயும்போது சுற்றியுள்ளவற்றையும் சாய்க்கும், அதனை இழுத்துவரும் பாதை மேலும் பலவற்றை அழிக்கும். இயற்கையார்வலரும் பல்கலைக்கழகத்தாரும் எதிர்த்துக் குரலெழுப்ப, 1977ஆம் ஆண்டளவில் வெட்டு நின்றது. 1978இற் சிங்கராசம் உயிர்க்கோள ஒதுக்கமாகவும் 1988இல் உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது. 1990இல் இயற்கைக் காடுகள் யாவற்றிலும் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது.

அப்படியாயின் நாட்டுக்கு மரம் எங்கிருந்து வருகின்றது? 1995ஆம் ஆண்டின் காட்டியல் பெருந்திட்டம் இதற்குக் கூறிய விடை பலருக்கும் வியப்பளித்தது. அறுக்கும் மரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வீட்டுத் தோட்டங்களிலிருந்தே கிடைத்தது. பலா, வேம்பு, தேக்கு என வளவின் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் நின்ற மரங்கள், நூறாண்டாக எந்தக் காட்டுக் கணக்கிலும் சேராதவை, நாட்டின் மிகப் பெரிய மரக்களஞ்சியமாயிருந்தன.

1983 முதல் 2009 வரை நீடித்த போரில் வடக்கின் காடுகளை நிலத்தில் நின்று அளப்பது அரிதாயிற்று. கண்ணிவெடி காத்த காடு சிலவிடத்து வளர்ந்தது. பதுங்குகுழிக்கும் காவலரணுக்குமாக இருதரப்பாரும் தறித்த பனையோ கணக்கில்லை. போர் முடிந்தபின், 2010இற் காட்டுப் பரப்பு நூற்றுக்கு 29.7 எனக் கணிக்கப்பட்டது. இதிலும் ஐதான காடு அடங்கும். எனவே முற்கூறிய 31ஓடு ஒப்பிடத்தக்கதேயன்றி 24ஓடு ஒப்பிட்டுக் காடு பெருகிற்று என மகிழத்தக்கதன்று.

பரப்பு ஒன்று, நலம் வேறொன்று. 1970களின் பிற்பகுதியில் தொட்டுப்பொலை மலையிலும் ஹோட்டன் சமவெளியிலும் மரங்கள் நின்றநிலையிலேயே பட்டுப்போவதைக் காட்டியலாளர் கண்டனர். எவரும் வெட்டவில்லை, ஹூக்கர் காத்துத் தரச்சொன்ன உயரத்திற் காவலுக்குட்பட்ட காடு அது. வறட்சி, மண்ணின் இயல்பு, காற்றோடு வரும் மாசு, வேர்நோய் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன; ஒன்றே காரணம் என முடிவாகவில்லை. பட்ட மரங்களோடு நிற்கும் அந்நிலம் பரப்புக் கணக்கில் இன்றும் காடாகவே இருக்கின்றது. முகிலின் ஈரத்தை இலைகளில் வடித்து நிலத்துக்குத் தரும் அதன் தொழில் எவ்வளவு குன்றியது என்பதைப் பரப்பைக் கொண்டு அறிய வழியில்லை. 1991 முதல் 1996 வரை நடந்த தேசியப் பாதுகாப்பு மீளாய்வு, காடுகளிலுள்ள தாவர, விலங்கு இனங்களோடு அவை நீரையும் மண்ணையும் காக்கும் திறனையும் அளவிட முற்பட்டது இக்குறையை உணர்ந்தேயாகும்.

வேறுவகை எண்ணிக்கை ஒன்றும் அக்காலத்திலே தொடங்கிற்று. இயந்திரங்கள் புகுந்து மீண்ட அதே சிங்கராசத்தில், வெட்டப்படாத ஒரு பகுதியில், 1993இற் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் நிமால் குணதிலகவும் சாவித்திரி குணதிலகவும் வெளிநாட்டு ஆய்வாளரும் வனத் திணைக்களத்தாரும் இணைந்து 25 எக்ரேயர் நிலத்தை அளந்து எல்லையிட்டனர். மார்பளவு உயரத்தில் ஒரு சதமமீற்றர் விட்டமே உள்ள மெல்லிய கன்று முதலாக ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கத் தகடு கட்டப்பட்டது. இனம், விட்டம், நிற்கும் இடம் யாவும் பதியப்பட்டன. சில ஆண்டுக்கு ஒருமுறை அதே மரங்கள் மீண்டும் அளக்கப்பட்டன. எது வளர்ந்தது, எது மடிந்தது, எது புதிதாய் முளைத்தது என்பன அவ்வேட்டில் உள்ளன. சுமார் இரண்டு இலட்சம் மரங்களும் 200க்குச் சற்று மேற்பட்ட இனங்களும் அங்கு எண்ணப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு குழந்தையின் மணிக்கட்டளவும் பருமனில்லாதவை. மெண்டிசின் பட்டியலிலோ 1961ஆம் ஆண்டின் அட்டவணையிலோ இடம்பெறும் அளவுக்கு வளராதவை.